பூட்டிக் கிடக்கும் கடலூர் வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: கடலூர் கூத்தப்பாக்கத்தில் 1998-இல் கட்டிய, இரண்டு படுக்கையறை கொண்ட தரைத்தள வீடு. தந்தையார் காலமான பிறகு தாயார் கோயம்புத்தூருக்கு உங்களோடு வந்துவிட்டதால், வீடு இரண்டு ஆண்டாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளும் புறமும் பெயிண்ட் அடித்து வாடகைக்கு விட்டால் போதுமா, இல்லை வேறு செலவும் உண்டா என்கிறீர்கள்.

பெயிண்ட் கடைசி வேலை. அதற்கு முன் கூரை, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய நான்கையும் பார்த்து முடிக்க வேண்டும். உள்ளூரிலேயே இருக்கும் வீட்டுக்காரருக்குக் குழாய் ஒழுகினால் தெரிந்த பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்க முடியும்; கோயம்புத்தூரில் இருக்கும் உங்களால் முடியாது. குடும்பம் ஒன்று சாமான்களோடு குடிவந்த பின் சுவரை உடைத்துக் குழாய் மாற்றுவதும், தளத்தைத் தட்டிப் பூசுவதும் இருதரப்புக்கும் வேதனை. ஆகவே வீடு காலியாக இருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் எவை என்று முதலில் பிரித்துக்கொண்டு, கையிலுள்ள பணத்தை அவற்றுக்கே ஒதுக்குங்கள். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் போன்றவற்றைத் தரகர்கள் சொல்லக்கூடும். கடலூரில் வீடு தேடி வரும் அரசு ஊழியரோ, சிப்காட் தொழிற்சாலைப் பணியாளரோ முதலில் கேட்பது தண்ணீர் எப்படி என்றுதான்.

கடற்கரை ஊர் வீடுகளுக்கே உரிய நோயிலிருந்து தொடங்குகிறேன். உப்புக்காற்றும் ஈரமும் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக ஓடும் விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளென்று கேட்கும் ஓசை ஆகியவை இதன் அடையாளங்கள். ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையின் கூரையையும், குறிப்பாகக் குளியலறை, சமையலறை, ஜன்னல் மேலுள்ள சன்ஷேடு ஆகியவற்றின் அடிப்பகுதியையும் தட்டிப் பாருங்கள். தளர்ந்த காரையை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பிறகு பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கொத்தனார் வெறும் சிமென்ட் கலவையை அப்பிவிட்டுப் போனால் இரண்டு மழைக்காலத்தில் அது அப்படியே பெயர்ந்து விழும். கீழே குழந்தை படுத்திருக்கும் வீட்டில் அது விழுவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள். கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் கொத்தனாரை நம்ப வேண்டாம், கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மஞ்சக்குப்பம், முதுநகர்ப் பக்கமுள்ள பழைய மெட்ராஸ் தளம் (மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட கூரை) போட்ட வீடுகளுக்கு இந்த நோய் இல்லை. அங்கே தேக்கு உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மொட்டை மாடியில் ஒழுக்கு இருக்கிறதா என்பதை அறிய மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டுக் கீழே உள்ள கூரையைப் பாருங்கள். ஒழுக்கு தெரிந்தால் பிப்ரவரி முதல் மே வரையான வெயிலில் வேலையை முடித்துவிட வேண்டும்; ஐப்பசியில் ஆரம்பித்தால் எந்தப் பூச்சும் காயாது. சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அதன் மேலேயே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது பணத்தைத் தெருவில் போடுவது. ஓதம் தெரியும் உயரத்துக்கு மேல் ஓர் அடி வரை பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, நீர்த்தடுப்பு மருந்து கலந்து பூசி, ஏழு நாள் தண்ணீர் விட்டு, ஒரு மாதமாவது காயவிட்ட பிறகுதான் பிரைமர். இந்த ஒரு மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த மாதமே குடி வைக்கிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தண்ணீர் அடுத்தது. இரண்டு ஆண்டாக ஓடாத மோட்டார் பெரும்பாலும் இறுகியிருக்கும். ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துக் காயிலை எரித்துவிடாமல், மெக்கானிக்கை வைத்து ஓட்டுங்கள். மேல்நிலைத் தொட்டியின் அடியில் படிந்த சேற்றைக் கழுவி எடுத்து, மிதவை வால்வு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். அந்தக் காலத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களாக இருந்தால் முதலில் செந்நிறத் தண்ணீர் வரும். சில நிமிடங்களிலும் தெளியாவிட்டால், அல்லது குளியலறை ஷவரில் நூல் போல மட்டும் வடிந்தால், குழாயின் உள்பக்கம் துரு அடைத்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் துருப்பிடிக்காத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிவிடுவதே நல்லது. அந்தச் செலவை ஒத்திப்போட்டு மிச்சம் பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பதுண்டு. அதனால் ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தத் தரம். வரும் எண் எதுவாயினும் குடிவருபவரிடம் உள்ளபடியே சொல்லிவிடுங்கள்: மாநகராட்சிக் குழாயில் எந்த நேரம் தண்ணீர் வரும், குடிக்கக் கேன் வாங்க வேண்டுமா, போர் தண்ணீரில் பருப்பு வேகுமா. இதை மறைத்து வீட்டைக் கொடுத்தால் ஆறு மாதத்தில் காலி செய்துவிட்டுப் போவார்கள். நீங்கள் மறுபடியும் தரகருக்கு ஒரு மாத வாடகை தர வேண்டிவரும்.

கழிவுநீர்ப் பக்கம் இரண்டே விஷயங்கள். பூட்டிய வீட்டில் குளியலறைத் தரையிலுள்ள ட்ராப்பில் (கழிவுநீர் வாய்க்குக் கீழுள்ள வளைவில்) நிற்கும் தண்ணீர் வற்றிவிடுவதால் அதன் வழியாகத்தான் கரப்பானும் நாற்றமும் ஏறிவருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்று தாயாரிடம் கேளுங்கள். அவருக்கும் நினைவில்லை என்றால் லாரியை அழைத்து எடுத்துவிடுங்கள். ஆளை உள்ளே இறக்கி அள்ளுவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதோடு, உயிரைப் பறிக்கும் வேலையும்கூட.

மின்சாரத்தில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1998-இல் இழுத்த வயர் அன்றைய தேவைக்கு இழுத்தது: நான்கு விசிறி, டியூப் லைட், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மிக்ஸி. இன்று குடிவருபவர் சாமான்களை இறக்கிய மறுவாரம் ஏ.சி. மாட்டுவார், வாஷிங் மெஷின் வைப்பார், இன்டக்ஷன் அடுப்பும் வரும். நீங்கள் தனி வயர் இழுத்து வைக்கவில்லை என்றால் அவர் அருகிலிருக்கும் சாதாரண பிளக்கிலிருந்தே ஏ.சி.க்கு இணைப்பு எடுப்பார். வயர் சூடேறி, ஸ்விட்ச் பெட்டியின் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு நாள் இரவு புகையும். ஆகவே ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. வயரில் தனித்தனி எம்.சி.பி.யோடு (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) இணைப்பு, 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ., விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மி.மீ. என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்யுங்கள். மெயின் போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடும் வீட்டில் உயிரைக் காப்பது அதுதான். எர்த் குழியையும் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பி மேலே பளிச்சென்று இருக்கும், ஓர் அடி கீழே அறுந்தே போயிருக்கும்.

மின் இணைப்பு ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று தனியாக இருப்பது நல்லது. பின்னாளில் மாடி கட்டி அதையும் வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தால் இப்போதே இதை நினைவில் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், இரு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் பில் வரும் ஒவ்வொரு முறையும் சண்டை வரும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரரே விலை வைக்கும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அது மனக்கசப்பைத்தான் வளர்க்கும்.

புயலையும் வெள்ளத்தையும் மறந்துவிட்டுக் கடலூரில் வீட்டைத் தயார்செய்ய முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015 நவம்பர் மழையில் மாவட்டமே மிதந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. உங்கள் தெருவில் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டு, மோட்டார் ஸ்டார்ட்டர், மீட்டர் பலகை, தரையோடு இருக்கும் பிளக்குகள் ஆகியவற்றை அதற்கு மேல் ஏற்றி வையுங்கள். இன்வெர்ட்டருக்கான வயரை மட்டுமாவது இழுத்து விட்டால், கருவியைக் குடிவருபவரே கொண்டுவந்து மாட்டிக்கொள்வார். மாடிப் படிக்கட்டின் மேல் தகரமோ ஷீட்டோ போட்டிருந்தால் அதன் கொக்கிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்த்து மாற்றுங்கள். தானே புயலில் பறந்து போய் அடுத்த வீட்டுச் சுவரை வெட்டியவை அப்படிப்பட்ட ஷீட்டுகள்தாம். வீட்டின் மேல் சாய்ந்த தென்னை இருந்தால் அதைப் பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். ஏப்ரல் 2021 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி புயல், வெள்ளச் சேதத்தையும் உள்ளடக்கியது. வாடகைக்கு விட்ட வீட்டின் கட்டடத்துக்கும் எடுக்கலாம். நம் ஊரில் கார் வாங்கியவுடன் இன்சூரன்ஸ் போடுகிறவர்கள், அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ள வீட்டுக்குப் போடுவதில்லை.

கதவு, ஜன்னல், பூட்டு: துருப்பிடிக்கும் இரும்புத் தாழ்ப்பாள்களை எடுத்துவிட்டுப் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். எல்லா ஜன்னல்களுக்கும் கொசுவலை அடியுங்கள். வாசல் பூட்டை மாற்றுங்கள். பழைய சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

இப்போது பெயிண்ட். உள்ளே எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம், கழுவக்கூடிய எமல்ஷன். அந்த நிறத்தின் குறியீட்டு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஒரு சுவரை மட்டும் அடித்தால் போதும்.

பெரும்பாலோர் செய்யும் ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரின் பீரோ, கட்டில், பித்தளைப் பாத்திரங்கள், சாமி படங்கள் எல்லாவற்றையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டு மீதி வீட்டை வாடகைக்கு விடுவார்கள். மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் காற்றோட்டமில்லாத அந்த அறையில் முதலில் கரையான் வரும், அது குடியிருப்பவரின் அறைக்கும் பரவும். இரண்டு படுக்கையறை என்று சொல்லி ஒன்றைக் கொடுத்த குறை அவருக்கு, என் பொருள் பத்திரமாக இருக்கிறதா என்ற ஐயம் உங்களுக்கு. வேண்டியதைக் கோயம்புத்தூருக்கு எடுத்துச் செல்லுங்கள், உறவினருக்குக் கொடுப்பதைக் கொடுங்கள், வீட்டை முழுவதும் காலி செய்து ஒப்படையுங்கள். பழைய எரிவாயு இணைப்பையும் ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் தந்தை பெயரிலுள்ள சிலிண்டரை வேறொருவர் பயன்படுத்துவது சிக்கலை வரவழைக்கும்.

சுவரை விடத் தாள் முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. வீடு இன்னும் தந்தையார் பெயரில் இருக்குமானால், வாரிசுச் சான்றிதழ் பெற்று, சொத்து வரியையும் மின் இணைப்பையும் பெயர் மாற்றுங்கள். தாயார், உடன்பிறந்தோர் உள்ளிட்ட எல்லா வாரிசுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டும், அல்லது ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் தரட்டும். தங்கையிடம் கேட்காமல் அண்ணன் வாடகைக்கு விட்டு, பின்னர் வாடகைப் பணமே பாகப் பிரச்சினையாக வெடித்த குடும்பங்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் இணையதளம் வழியாகப் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும் என்று ஊரில் பலரும் நம்புகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை மனத்தில் வைத்து வந்த பழக்கம் அது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவிலிருந்து அது விலக்குத் தராது. அட்வான்சுக்கு இந்தச் சட்டம் குறிப்பிடும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டால் சட்டமே வேறு. அங்கே 1969-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருப்பதால், புதுச்சேரி நண்பர் எழுதிய ஒப்பந்தத்தை அப்படியே பிரதி எடுக்காதீர்கள்.

எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதற்கும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இணைப்பிலேயே பட்டியல் இருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் பழுது, பூட்டு, கண்ணாடி போன்றவை குடியிருப்பவருக்கு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளவும் இடமுண்டு. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காமல் வீட்டுக்குள் போகவும் கூடாது. சட்டம் சொல்லாத சில்லறைகளை நீங்களே எழுதிச் சேருங்கள்: தென்னங்காய் யாருக்கு, மரம் ஏறும் கூலி யாருக்கு, மொட்டை மாடியில் வடாம் காயவைக்கலாமா, வளர்ப்பு நாய்க்கு அனுமதி உண்டா. சிரிப்பாகத் தோன்றலாம், வீட்டுக்காரர்–குடித்தனக்காரர் சண்டையில் பாதி, தேங்காயிலிருந்து தொடங்குவதுதான்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் உங்களுக்குத் தரகர் முதலில் சொல்லப்போவது சாதியும் சாப்பாடும். இரண்டுக்கும் ஒழுங்காக வாடகை தருவதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கேட்காமலிருந்தால் வருகிறவர்களின் எண்ணிக்கையாவது கூடும். எங்கே வேலை, எத்தனை பேர் தங்குவார்கள், முன்பு இருந்த வீட்டை ஏன் காலி செய்தார்கள் என்பதைக் கேளுங்கள். முந்தைய வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அடையாள ஆவணத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனைச் செவிலியர் மூவர் சேர்ந்து கேட்டால், குடும்பம் இல்லை என்பதற்காக மறுக்காதீர்கள். வாடகையை வங்கிக் கணக்கில் பெற்று ரசீது கொடுங்கள். குடியிருப்பவர் அரசு ஊழியராக இருந்து ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கான வரிவிலக்குக்கு உங்கள் பான் எண்ணைக் கேட்பார். மறைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் செலுத்திய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் கழிவு போகத்தான் அந்த வருமானத்துக்கு வரி.

சாவி கொடுக்கும் நாளில் நீங்களே நேரில் இருங்கள். குடிவருபவரோடு அறை அறையாகச் சென்று ஒவ்வொரு சுவரையும், குழாயையும், அலமாரியின் உட்புறத்தையும், ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் கைப்பேசியில் தேதி தெரியுமாறு படம் எடுங்கள். எத்தனை விசிறி, என்ன கம்பெனி, எத்தனை சாவி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மின் மீட்டர் அன்று காட்டும் யூனிட் அளவையும் அதே தாளில் குறித்து, படத்தையும் தாளையும் அவருடைய வாட்ஸ்அப்புக்கு அங்கேயே நின்று அனுப்பிவிடுங்கள். நம்பகமான பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரின் எண்களையும் அவரிடம் கொடுத்து, குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பழுதைக் கேட்காமலே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அந்தத் தொகை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.